காலை ஒன்பது இரண்டு

குத்தாயிசி எரிவாயு அலுவலகத்துக்கு வரும் புகார்கள் எல்லாம்
லம்ஸிராவின் காதில்தான் விழும்.
பதினெட்டு வருடம். ஒரு தடவைகூடக்
குரலை உயர்த்தியதில்லை என்று
சான்றிதழ் எழுதிச் சுவரில் மாட்டியிருக்கிறார்களாம்.

இருபத்துநான்கு மணி நேரப் பெட்டியை
நான்தான் அவள் இடுப்பில் கட்டினேன்.
ஐந்து ஒயர், ஐந்து ஒட்டு, ஒரு சின்ன நோட்டு:
என்ன செய்கிறீர்களோ, நேரம் போட்டு எழுதுங்கள்.

எழுதியிருந்தாள், பள்ளிக்கூடக் கையெழுத்தில்.
"பத்து மணி. வேலை. சாதாரணம்."
"பதினொன்று நாற்பது. ஒருவர் திட்டினார்.
விளக்கம் சொன்னேன். சாதாரணம்."
"ஒரு மணி. ரொட்டி, பாலாடைக்கட்டி. சாதாரணம்."

திரையில் பதினொன்று நாற்பதைத் தேடினேன்.
யாரோ ஆறு மாடி ஓடி ஏறியிருக்கிறார்கள்,
நாற்காலியை விட்டு எழாமலே.

ஓடுவதற்கென்று ஈரல் அள்ளிக் கொடுத்த சர்க்கரை
கால் அசையாததால் போக்கிடமில்லாமல்
இரத்தத்திலேயே நின்றுவிட்டது.
மறுநாள் வெறும் வயிற்றில் நூற்று நாற்பத்தெட்டு.
இனிப்பே தொடுவதில்லை என்கிறாள். நம்புகிறேன்.
மென்று விழுங்கிய பதில்களில்
எவ்வளவு தித்திப்பு இருந்ததோ.

இரவு மூன்று பத்து. நோட்டில் ஒன்றுமில்லை, தூக்கம்.
திரையில் மறுபடி அதே மாடிப்படி.
கனவிலும் யாரிடமோ
"புரிகிறது ஐயா" சொல்லிக்கொண்டிருந்தாள் போல.

கத்தித் தீர்த்தால் சரியாகுமா? தெரியாது.
போன வாரம் மீன்கடை கெரோந்தி வந்தான்,
கோபம் வந்தால் தராசையே தூக்கி எறிகிற ஆள்.
அவன் கோடுகளும் லட்சணமாக இல்லை.

டாக்டர் மாத்திரை எழுதுவார்,
நடக்கச் சொல்வார், ரொட்டியைக் குறைக்கச் சொல்வார்.
எல்லாம் சரிதான்.
படிவத்தில் புகைக்குக் கட்டம் உண்டு, மதுவுக்கு உண்டு,
எடைக்கு, அப்பாவின் மாரடைப்புக்கு உண்டு.
பதினெட்டு வருடமாகச் சொல்லாமல் விட்டதை
எந்தக் கட்டத்தில் எழுத?
ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன்,
பிறகு அழித்தேன். நான் வெறும் டெக்னீஷியன்.

காலையில் பெட்டியைக் கழற்ற வந்தபோது
"தூக்கத்தில் ஒரு ஒட்டு உரிந்துவிட்டது,
உங்களுக்குச் சிரமம் கொடுத்துவிட்டேன்,
மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றாள்.
சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.
பரவாயில்லை என்று நானும் சிரித்தேன்.

ஒயரைப் பிடுங்கும்வரை
பெட்டி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.
இப்போதுதான் பார்க்கிறேன்
பதிவின் கடைசி அங்குலத்தை:
காலை ஒன்பது இரண்டு,
நூற்று முப்பத்தொன்று.