சொல்லாத விண்ணப்பங்கள்: பதினொன்று

புதன் இரவு ஜெபக் குறிப்பைத் தட்டச்சு செய்வது
பத்தொன்பது வருடமாக என் வேலை.
வெர்லினின் கண்புரை.
ஓலீட்டாவின் இடுப்பெலும்பு, இரண்டாம் முறை.
வைக்கோல் காயும்வரை மழை பொறுக்கும்படியாக.
கடைசி வரி மட்டும் மாறுவதேயில்லை:
சொல்லாத விண்ணப்பங்கள் பதினொன்று.

வாய்விட்டுச் சொல்ல முடியாதவர்கள் கை தூக்குவார்கள்.
போதகர் ஹார்லஸ் தலையசைப்பார்.
நான் எண்ணிக்கொள்வேன், பெயர் எழுதமாட்டேன்.
எழுதாவிட்டால் என்ன,
மேற்கு வர்ஜீனியாவின் இந்தப் பள்ளத்தாக்கில்
ஆம்புலன்ஸ் எந்த வளைவில் திரும்புகிறதென்று
படுக்கையில் கிடந்தபடியே சொல்லிவிடுவோம்.

கேன்சர் என்றால் மூன்று நாளில் ஒன்பது பாத்திரம் வரும்,
சீஸ் உருகிய உருளைக்கிழங்கு,
கொடுத்தவள் பெயர் அடியில் டேப்பில் ஒட்டியிருக்கும்.
ஓலீட்டாவின் மகளை
மறுவாழ்வு மையத்துக்குக் கூட்டிப்போன வாரம்
அந்த வாசலில் செய்தித்தாள் மட்டும் விழுந்தது.
நானும் போகவில்லை.

பிறகுதான் நர்ஸ் ரொவீனா வந்தாள்,
தீயணைப்பு நிலையத்தில் இரவல் வாங்கிய பொம்மையோடு.
இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாத பொம்மை.
கோயிலின் அடித்தளத்தில், காபி மணத்துக்கு நடுவே,
மடக்கு மேசையில் அதைக் கிடத்தினாள்.
மூக்கில் அடிக்கும் மருந்தைக் கைக்குக் கை கொடுத்தாள்.
"இதெல்லாம் பிசாசின் வேலைதானே?" என்றது பின்வரிசை.
"இருக்கலாம்," என்றாள்,
"ஆனால் மூச்சு நின்றவனுக்குச் சில நிமிடங்கள்தான்.
முதலில் மூச்சு."

வெர்லின் எழுந்தான்.
தானாகத் தேடிக்கொண்டதற்கு, என்று ஆரம்பித்தான்.
அவள் வாதாடவில்லை.
பொம்மையின் தாடையை அவன் கையில் கொடுத்தாள்.
கைக்குத் தெரிந்திருந்தது.
தலையைச் சாய்த்தான், மூக்கைப் பொத்தினான்,
குனிந்து ஊதினான்.
பிளாஸ்டிக் நெஞ்சு எழுந்தது.
ஐந்து எண்ணினான். மறுபடி எழுந்தது.
நிறுத்தச் சொல்ல எங்கள் யாருக்கும் மனம் வரவில்லை.

"மூன்றாம் சுரங்கத்தில் கூரை சரிந்த அன்று," என்றான்,
"கீழே கிடந்தவன் முந்தின இரவு குடித்திருந்தான்.
வாயில் வாய் வைத்தபோது வாடை வந்தது."
அதற்கு மேல் சொல்லவில்லை.
கைக்குட்டையை எடுத்து
பொம்மையின் நெற்றியைத் துடைத்தான்.

அன்று ஜெபவேளையில் ஓலீட்டா
புது இடுப்பை ஊன்றி எழுந்து நின்றாள்.
"ட்ரீமா. என் மகள். வயது முப்பத்தொன்று."
அவ்வளவுதான்.
கர்த்தாவே, யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.
எனக்கோ வாய் திறக்கவில்லை. கை மட்டும் தூக்கினேன்.

அந்தப் பதினொன்றில் ஒன்று எப்போதும் என் கை.
எண்ணுகிறவளை யார் எண்ணுவார்கள்?

டாய்ல் குடிப்பதில்லை. மாத்திரை தொடுவதில்லை.
கொட்டகையில், எஞ்சினை அணைத்த டிரக்கில்
இருட்டும்வரை உட்கார்ந்திருப்பான்.
விசுவாசக் குறைவு என்று அவனிடம் சொன்னது
போதகர் அல்ல, நான்.
ஒருமுறை அல்ல.

வியாழக்கிழமை ஓலீட்டா போன் செய்தாள்.
பட்டியல் ஒஹாயோவில் இருக்கும் தங்கைக்கும் போகிறதாம்.
"ட்ரீமாவை எடுத்துவிடு."
எடுத்தேன். பத்து மறுபடி பதினொன்றானது.
உருளைக்கிழங்கு வேகவைத்தேன்,
அடியில் என் பெயரை ஒட்டி
அவள் வாசலில் வைத்துவிட்டு வந்தேன், ஆறு மாதம் தாமதமாக.

பிறகு கொட்டகைக்குப் போனேன்.
டிரக்கின் கண்ணாடியைத் தட்டினேன்.
"உன் பெயரைப் போடட்டுமா?"
வெகுநேரம் ஸ்டியரிங்கையே பார்த்தான்.
கண்ணாடி நாலு விரற்கடை இறங்கியது.
"போன தடவை பிறந்தநாள் பட்டியலில்
ஒரு எழுத்தை விட்டுவிட்டாய்," என்றான்.
"இந்த முறை சரியாகப் போடு."