பதிமூன்றாம் சானல்

சனிக்கிழமை. கூலி நாள்.
நாற்பத்தேழு பேர் கணக்கு மடிக்கணினிக்குள்ளே,
பேங்க் அதற்கு வெளியே.
நடுவில் இருக்கவேண்டிய வைஃபை
காலையிலிருந்து இல்லை.

ஜன்னலில், நாகலூர்ப் பக்கமிருந்து மூடுபனி
சில்வர் ஓக் மரங்களை ஒவ்வொன்றாக
அழித்துக்கொண்டு வருகிறது.
"பனியாலதான் மேடம்" என்கிறார் செங்கோடன்,
காபிக்கொட்டை எடை போடும் மேஸ்திரி.
அவருக்கு எல்லாமே பனியால்தான்:
பைக் கிளம்பாவிட்டால்,
மிளகு கொடி கருத்தால்,
மருமகன் போனை எடுக்காவிட்டால்.

ஆனால் அவர் போனில் நெட் ஓடுகிறது.
அதே ரூட்டர். அதே பனி.
திரையில் யாரோ ஒருவன்
நிதானமாக மீன் கழுவுகிறான்.

கறுப்பு டெர்மினலைத் திறந்தேன்.
லினக்ஸ் பொய் சொல்லாது.
கேட்காததையும் சொல்லாது.
தாலுகா ஆபீஸ் ஜன்னல் மாதிரி
சரியான கேள்வியோடு போய் நிற்கவேண்டும்.

கார்டு இருக்கிறதா? இருக்கிறது.
டிரைவர் ஏறியிருக்கிறதா? ஏறியிருக்கிறது.
யாராவது அணைத்து வைத்தார்களா? இல்லை.
சரி, சுற்றிலும் யார் குரல் கேட்கிறது?

'மஞ்சு ஹோம்ஸ்டே',
'தெரசா இல்லம்',
'பாஸ்வேர்ட் கேட்காதே',
பெயரில்லாத ஒன்று.
எட்டடி தூரத்தில், என் தலைக்கு மேலே
பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருக்கும்
எங்கள் ரூட்டர் மட்டும் அதில் இல்லை.

சேவையை நிறுத்தித் தொடங்கினேன்.
மெஷினை நிறுத்தித் தொடங்கினேன்.
ரூட்டரை நிறுத்தியபோது
செங்கோடனின் மீன் பாதியில் உறைந்தது.
அவர் பார்த்த பார்வையை இங்கே எழுதவில்லை.

பிறகு கர்னலின் பதிவேடு. எண்ணூறு வரி.
கீழிருந்து மேலாக ஏறினேன்,
அடிவாரத்திலிருந்து பஸ் ஏறுகிற மாதிரி
வளைவுக்கு வளைவு காது அடைக்க.
இருபதாவது கொண்டை ஊசியில்
ஒரு வரி நின்றுகொண்டிருந்தது:
நாடு: யு.எஸ்.

நாடா?

அத்தான் ஒஹாயோவில் பழைய மெஷினைத் துடைத்து
லினக்ஸ் ஏற்றிக் கொடுத்தனுப்பியது இது.
ஏதோ ஒரு கோப்பில் இரண்டெழுத்து.
இரண்டு வருஷமாகக் காபிக்கொட்டை வாசனைக்குள்
உட்கார்ந்துகொண்டு
தான் அமெரிக்காவில் இருப்பதாகவே
நம்பியிருக்கிறது.

புதன்கிழமை புது ரூட்டர் மாட்டிய
சகாயராஜுக்குப் போன் போட்டேன்.
"ஹோம்ஸ்டேக்காரங்க தொல்லை மேடம்.
ஒண்ணு, ஆறு, பதினொண்ணு எல்லாம் ஒரே சந்தை.
பதிமூணாம் சானல்ல வெச்சேன்.
அங்க ஈ காக்கா கிடையாது."

பதிமூன்று.
இந்த மலையில் பேசலாம்.
ஒஹாயோவில் வாய் திறக்கக்கூடாது.
ரூட்டர் மூன்று நாளாகக் கூப்பிட்டிருக்கிறது.
இதற்குக் காது இல்லாமல் இல்லை,
கடலுக்கு அப்பால் உள்ள சட்டத்துக்குப் பயந்து
அந்தப் பக்கம் திருப்பவில்லை, அவ்வளவுதான்.

சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை.
ஏற்காட்டுக்கு வேலைக்கு வந்து ஆறு வருஷம்.
இரண்டு ஸ்வெட்டருக்குள் உட்கார்ந்து பார்க்கிறேன்,
என் போனின் வானிலை இன்னமும்
பரமக்குடி, முப்பத்தாறு டிகிரி.
மாற்ற ஐந்து நொடி ஆகும்.

கோப்பைத் திறந்தேன்.
'யு', 'எஸ்' போயிற்று. 'ஐ', 'என்' வந்தது.
சேமி.
மறுபடி கேட்டேன், யார் குரல் கேட்கிறது என்று.
ஐந்தாவதாக எங்கள் பெயர்,
எல்லோரையும்விட உரக்க.

பிங் அனுப்பினால் பதில்.
அறுபத்து நான்கு பைட்,
அறுபத்து நான்கு பைட்,
அறுபத்து நான்கு,
நிறுத்த மனமில்லாமல் கொஞ்ச நேரம் ஓடவிட்டேன்.

"பனி விலகுது பாருங்க" என்றார் செங்கோடன்.
விலகவில்லை.
மீன் எண்ணெயில் விழுந்திருந்தது.

நாற்பத்தாறு பேருக்குக் கூலி போய்ச் சேர்ந்தது.
ஒன்று மட்டும் திரும்பி வந்தது.
களத்தில் சாக்கு விரித்துக்கொண்டிருந்த வெள்ளச்சி
பேங்க் கணக்கில் வெல்லச்சியாம்.
ஆளனுப்பியிருக்கிறேன்,
பாஸ்புக்கோடு வரச்சொல்லி.