மூச்சு விடும் இடம்

பத்துப் பாட்டாம்.
ஒன்றுகூட அவளுடையது இல்லையாம்.
கொருக்குப்பேட்டை கேட் மூடிக் கிடந்தபோது
டெல்லிபாபுதான் சொன்னான்,
ஒரு கால் பெடலில், ஒரு கால் ஜல்லியில்.
"எல்லாமே கவர்."

எங்கள் பக்கம் கவர் என்றால்
மீன்காரம்மாவிடம் கேட்டு வாங்குவது.
கல்யாணத்தில் பெயர் எழுதி நீட்டுவது.
பால் ஊற்றியதும் அலசிக் காயப்போட்டு
கிலோ கணக்கில் பழைய பேப்பர்காரனுக்குப் போடுவது.
"அடுத்தவன் பாட்ட இவ கொரல்ல கட்டித் தர்றதுக்கா" என்றான்.
"ஒழுகாம தருவாளா?" என்றாள் நசீமா.
எண்ணெய் வேகன்கள் போய்க்கொண்டே இருந்தன.
நாற்பத்திரண்டு வரை எண்ணினேன்.

கல்மண்டபம் செலின்.
பாட வருவதற்கு முன்னால்
ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு
இலவசக் கண் சிகிச்சை முகாம், கண் சிகிச்சை முகாம் என்று
தெருத்தெருவாய்ச் சொல்லிக்கொண்டு போனவள்.
அந்த ஞாயிற்றுக்கிழமை
கண் நன்றாய்த் தெரிந்தவர்களும் வரிசையில் நின்றோம்.
எனக்கு ஒரு கண்ணாடிகூடக் கொடுத்தார்கள்.

அப்புறம் மேடை. அப்புறம் ஊரெல்லாம் ரிங்டோன்.
அப்புறம் தொண்டையில் கட்டி,
ஸ்டான்லியில் இருபது நாள்,
இரண்டு வருடம் சத்தமே இல்லை.
செத்துவிட்டாள் என்று ஒருமுறை யாரோ கிளப்பிவிட
டெல்லிபாபு அவனை அடிக்கப் போனான்.

யாகூபுக்குத்தான் கோபம்.
"இவ்ளோ நாள் காத்துக்கெடந்ததுக்கு
அடுத்தவன் போட்ட சட்டையா?"
நசீமா எம்.சி. ரோட்டில் தைப்பவள்.
"அளவு ஜாக்கெட்னு ஒண்ணு குடுப்பாங்க.
அதப் பாத்துதான் வெட்டுவேன்.
அதுக்காக நான் தெச்சது
அந்த ஜாக்கெட்டா ஆயிடுமா?"
யாகூப் ஆக்ஸிலேட்டரைச் சும்மா ஒரு தடவை முறுக்கினான்.
கேட் திறக்கவில்லை.

எந்தெந்தப் பாட்டு என்று இன்னும் சொல்லவில்லை.
ஆளுக்கொரு பட்டியல், அதில் பந்தயம் வேறு.
எதுவானாலும் எங்களுக்கு வரி மனப்பாடம்,
மெட்டு மனப்பாடம்,
நடுவில் புல்லாங்குழல் வரும் இடத்தில்
வாயால் ஊதவும் தெரியும்.
பிறகு எதற்குத்தான் காத்திருக்கிறோம்
என்று யாரும் கேட்கவில்லை.

என் பாட்டு எது என்று நான் சொல்லவில்லை.
அதில் இரண்டாம் சரணத்தில் நீளமாய் ஒரு வரி.
முதலில் பாடியவர்
ஒரே மூச்சில் கடந்துவிடுவார்.
எல்லோரும் கைதட்டும் இடம் அது.
எனக்கு மட்டும்
கொஞ்சம் நின்றிருக்கலாம் என்று தோன்றும்.

தேவகிருபையும் அப்படித்தான்.
என் தங்கை.
பையைத் தோளில் மாட்டியபடி வாசலில்
ஒரே வாக்கியமாய்ச் சொல்லி முடித்தாள்,
அவன் பெயர், அவன் ஊர், இனி தேடவேண்டாம் என்பது எல்லாம்.
எங்காவது நிறுத்தியிருந்தால்
நான் ஏதாவது சொல்லியிருப்பேன்.
சாப்பிட்டியா என்றாவது.

செலினுடையது இப்போது கத்தி பட்ட தொண்டை.
அந்த வரியை ஒரே மூச்சில் தாண்ட
அவளால் ஆகாது.
நின்றுதான் தீரவேண்டும்.
எந்தச் சொல்லுக்கும் எந்தச் சொல்லுக்கும் நடுவில்
என்பதுதான் தெரியவில்லை.
ராத்திரி ஷிஃப்டில் வால்வைத் திருகிக்கொண்டே
ஒவ்வொரு சொல்லாய் நிறுத்திப் பார்க்கிறேன்.
எங்கே நிறுத்தினாலும் இடம் இருக்கிறது.

கடைசி வேகன் போனது. சிவப்பு விளக்கு ஆடிக்கொண்டே போனது.
கேட் முழுசாய் ஏறும் முன்னே
குனிந்து நுழைந்தது பாதிக் கூட்டம்.
"வெள்ளிக்கெழம நைட்டு பன்னண்டு,
நம்ம கடைல, பெரிய ஸ்பீக்கரு" என்று
ஹாரன்களுக்கு மேலே கத்தினான் டெல்லிபாபு.
யாகூப் வரமாட்டேன் என்றான்.
தண்டவாளத்தில் குலுங்கி ஏறி இறங்கி
அந்தப் பக்கம் போனதும்
வண்டியை ஓரம்கட்டி,
பன்னண்டா, பன்னண்டரையா
என்று திரும்பிக் கேட்டான்.