எந்த வழியாக வந்தது பதில்

சாட்ஸ்வொர்த், இரவு இரண்டு மணி.
மின்வெட்டு, நான்காம் கட்டம்.
மருந்துக் கிடங்கின் பின்னறையில்
பேட்டரி முனகுகிறது.
ரவுட்டரில் மூன்று பச்சை விளக்குகள்.
மூன்றுமே பொய் சொல்லக்கூடியவை.

ஒன்று ஃபைபர்.
ஒன்று சிம் கார்டு, டவர் மனம் வைத்தால்.
இன்னொன்று கூரைமேல் தட்டு,
குவீன்ஸ்பர்க் மேட்டைப் பார்த்தபடி;
குரங்கு ஏறி உட்கார்ந்தால்
வேறெங்கோ பார்க்கும்.

"லைன் இருக்கா?" என்கிறார் போனில் கதிரேசன் பிள்ளை.
எந்த லைன் என்பது அவர் கவலையில்லை.
இன்சுலின் பெட்டிகளின் குளிர் எத்தனை டிகிரி என்று
ஜோஹன்னஸ்பர்க்கில் ஒரு திரை காட்டவேண்டும்,
அவ்வளவுதான்.

பிங் போட்டேன்.
முனைப்பெட்டி உடனே சொன்னது: இருக்கிறேன்.
அது தெருக்கம்பத்தடியில் நிற்பது.
அதற்கப்பால் செம்பு தேடித் தோண்டியவன்
கண்ணாடியிழையை அறுத்துப் போட்டிருந்தாலும்
இருக்கிறேன் என்றுதான் சொல்லும்.

தொலைவில் கேட்டேன்.
நாற்பத்தொரு மில்லிசெகண்டில் பதில்.
சந்தேகம் தட்ட, ஃபைபரை உருவினேன்.
அப்போதும் வந்தது.
நான் ஃபைபரைக் கூப்பிடக் கூப்பிட
இவ்வளவு நேரமும்
சிம் கார்டு குரல் கொடுத்திருக்கிறது.

ஒவ்வொன்றும் தன் வாயால் மட்டும் பேசும்படி
திருத்தி எழுதினேன்.
மூன்று முறை மௌனமென்றால் செத்தது.
ஒருமுறை முனகினால் பிழைத்ததாகாது.
உருவியதைச் செருகினேன்.
ஃபைபர் சிவந்தது.
நேர்மையான சிவப்பு. நிம்மதியாக இருந்தது.

கரண்ட் வரும்வரை சும்மா இருக்க முடியாமல்
மாரிட்ஸ்பர்க்கிலிருந்து தங்கை அனுப்பியவற்றைப்
புரட்டினேன்.
ஒன்பது நாளாக நான்: சாப்டியா?
ஒன்பது நாளாக அவள்:
சாப்பிட்டேன்.
நன்றாக இருக்கிறேன்.

தெய்வாவுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே
முற்றுப்புள்ளி வைக்கத் தெரியாது.
வாக்கியத்தைப் பாதியில் விட்டு
அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்
பிறகு வந்து வேறொன்றை ஆரம்பிப்பாள்
அதுவும் முடியாது

இந்தப் பதில்கள் ஒவ்வொன்றிலும் புள்ளி.
அவள் கணவன் கணக்காளன்.
காற்புள்ளியைக்கூடத் தவறவிடாதவன்.

அழைத்தேன். மணி அடித்தது.
மணி அடிக்கும்தான்.
அது தெருக்கம்பத்தடிப் பெட்டி.

பிள்ளைக்கு எழுதினேன்:
இரண்டு லைன் இருக்கிறது, ஒன்று இல்லை.
கார்ச் சாவி மேசையில்தான் கிடந்தது.
எழுபது சொச்சம் கிலோமீட்டர், வழியெல்லாம் இருட்டு.
கேட்டருகே நின்று
பேர் சொல்லிக் கூப்பிடவேண்டும்.
அவன் வந்து கதவைத் திறந்தாலும்
மறுபடி அவள் பேரையே