கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ

கன்ரீனில் ஜானக கேட்டான்,
நம் நாட்டில் நடக்கிற படங்களில்
உனக்கு ஆகப் பிடித்தது எது?
அவன் சிங்களத்தில் கேட்டதை
நான் தமிழில் யோசிக்கத் தொடங்கினேன்.
அதற்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில்
மழை எப்போதும் வேறு ஊரில்தான் பெய்தது.
மதுரையில் வெட்டுப்பட்டவர்களுக்காக
வெள்ளவத்தையில் அழுதோம்.
எங்கள் கடற்கரையில்
கையைக் கோத்துப் பாடிக்கொண்டு ஒருவரும் ஓடவில்லை.
ஓடியிருந்தால்
ஆறரைக் கோச்சி அடித்திருக்கும்.

ஒருமுறை கோட்டையில் வெள்ளைக்காரர்கள் வந்து இறங்கினார்கள்.
ஒரு கிழமை யோர்க் வீதி பர்மாவாக இருந்தது.
பெயர்ப்பலகைகளில்
சிங்களத்தையும் தமிழையும்
ஒரே துணியால் மூடினார்கள்.
அப்படியொரு சமத்துவத்தை
அதற்கு முன் நான் கண்டதில்லை.
கொட்டாஞ்சேனை றெஜினோல்ட் அதில் ரிக்‌ஷா இழுத்தான்,
நாளுக்கு ஆயிரத்து இருநூறும் சோற்றுப் பார்சலும்.
குடும்பத்தோடு போய்ப் பார்த்தோம்.
வந்தது அவன் முதுகு மட்டும்.
அவனுடைய மகள் எழும்பி நின்று கை தட்டினாள்.

இன்னொன்று பகிடிப் படம்.
திருநீறு, தொப்பை,
சிங்களத்தை மென்று துப்புகிற வட்டிக்கடைக்காரர்.
அவர் வாய் திறக்கமுன்பே தியேட்டர் சிரித்தது.
நானும் சிரித்தேன்.
பிறகு இடைவேளையில்
இரண்டு இறால் வடை கேட்கும்போது
ஒவ்வொரு எழுத்தையும்
கழுவித் துடைத்து உச்சரித்தேன்.

ஜானக காத்திருக்கிறான்.
சோற்றில் பருப்பைப் பிசைந்தபடி.

மருதானைப் பக்கம், பகல் காட்சி,
எண்ணிப் பார்த்தால் பதினொரு பேர்.
வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால்
ஒரு பெண் பஸ்ஸுக்கு நிற்கிறாள்.
ஆஸ்பத்திரியில் புருசன். கையில் தலையணை.
போவதா விடுவதா என்று
முகத்தில் ஒன்றும் எழுதியில்லை.
ஒரு பஸ் போகிறது. ஏறவில்லை.
இன்னொன்று. அதிலும் இல்லை.
எனக்குப் பின்னால் ஒருவர் குறட்டை விடுகிறார்.
அப்போதுதான்
படத்துக்குள் எங்கிருந்தோ,

*அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ,
கூடை போகோணும்.*

அது வசனம் இல்லை.
எழுதிய வசனத்துக்கு இவ்வளவு அவசரம் இராது.
நடிகை திடுக்கிட்டு
அரை அடி விலகுகிறாள்.
தலையணை நழுவப் பார்க்கிறது.
கூடையின் விளிம்பு, இரண்டு கத்தரிக்காய்,
ஒரு முழங்கை,
அவ்வளவுதான், போய்விட்டது.
இயக்குநர் அதை வெட்டவில்லை.
ஏனென்று இன்றுவரை தெரியாது.
கீழே ஆங்கில எழுத்து ஓடுகிற இடத்தில்
அந்த வரிக்கு ஒன்றும் வரவில்லை.
கறுப்பாக, சும்மா கிடந்தது.

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.
மூன்று வரிசைக்கு முன்னால்
இன்னொரு சிரிப்பும் கேட்டது.
தாதிச் சீருடை, பின்னிய தலை.
திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன்.
மற்ற ஒன்பது பேருக்கும்
பஸ் இன்னும் வரவில்லை.

படம் முடிய வெளியே மழை.
எங்கள் மழை.
வாசலை மறித்துக்கொண்டு நான் நிற்க,
குடையை விரித்தபடி
வழிவிடச் சொன்னார் அவர்,
சிங்களத்தில்.
நானும் சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டு
விலகினேன்.
முச்சக்கரவண்டி ஒன்று அவரை ஏற்றிக்கொண்டு போனது.
அதன் சிவப்பு வெளிச்சம்
தெமட்டகொடைப் பக்கம் திரும்பும்வரை
சொல்லியிருக்கலாம், சொல்லியிருக்கலாம் என்று
நின்றேன்.

ஜானகவுக்குப் படத்தின் பெயரைச் சொன்னேன்.
அதுவா, என்றான்.
ஒன்றுமே நடக்காதே அதில்.

ஒரு கூடை போகும், என்றேன்.

அவன் பிசைவதை நிறுத்தி
நினைவில் முழுப் படத்தையும் ஒருமுறை ஓட்டினான்.
எந்தக் கூடை? என்றான்.