சாய்வு நீக்கம்

பெங்களூரு, ஏர்ஸ்டிரிப் லேஅவுட், ஏழாவது கிராஸ்.
காவிரிக் குழாய் பதிக்க
ஓரமாக ஒன்றரை மீட்டர் வெட்டினோம்.
தங்கவயலில் பிறந்தவள் நான்.
வெட்டுவாயின் பக்கவாட்டைப் பார்க்காமல்
நகரத் தெரியாது.

மேலே மாநகராட்சி கான்கிரீட், நான்கு விரல்.
அதன் கீழே தேர்தல் வருஷத்துத் தார்,
ஒரு விரல்கூட இல்லை.
அதற்கும் கீழே, கருப்புக்குள் இன்னொரு கருப்பு:
நகத்தால் கீறினால் சுருண்டு வரும் ரப்பர்.
அடியில் சண்டைக்காலத்து ஜல்லி,
விமானம் இறங்க அவசரமாகக் கொட்டியது.

ஜேசிபியிலிருந்து இறங்கி வந்து
பசப்பா முகர்ந்து பார்த்தார்.
"டயர்தான் மேடம். பஸ் டயர் இல்லை."

ஆபீஸில் ஒரு ஃபைல் கிடைத்தது.
பந்தயத்தின் கதையை யாரும் எழுதி வைக்கவில்லை.
இருந்ததெல்லாம் புகார்.

அறுபத்திரண்டு: ஞாயிறு பிரசங்கம்
முதல் வரிசைக்கே கேட்கவில்லை என்று ஒரு பாதிரியார்.
அறுபத்து நான்கு: இரவல் கொடுத்த
நானூறு வைக்கோல் கட்டில் முப்பத்தொன்று வரவில்லை,
வந்ததையும் பெட்ரோல் நாற்றத்தால்
மாடுகள் தொடவில்லை என்று ராணுவப் பால்பண்ணை.
அறுபத்தேழு: கிழக்கு வளைவில்
கார்கள் வெளியே பாய்கின்றன,
வெளிவிளிம்பை ஒன்றேகால் அடி உயர்த்த வேண்டும்,
கிளப் செயலாளர் லோபோ.
பச்சை மையில் அனுமதி.

எழுபத்திரண்டு, பிப்ரவரி.
"போட்டியாளர் அல்லாத ஒருவர்" என்கிறது அறிக்கை.
பெயர் ஓரத்தில், பென்சிலில்,
வேறு யாருடைய கையெழுத்திலோ:
முனிரத்தினம், 12, வேர்க்கடலை.
வைக்கோல் கட்டின் மேல் ஏறி நின்றிருக்கிறான்.
கார் பார்க்க அல்ல,
அங்கிருந்துதான் கூட்டத்தில்
கை தூக்கிக் கூப்பிடுபவர் தெரிவார்.

அதன்பின் பன்னிரண்டு வருஷம் ஃபைலில் தாளே இல்லை.

பிறகு மனைகள்.
வரைபடக்காரர் புது ரோடு யோசிக்கச் சோம்பி
பழைய தடத்தின் மேலேயே கோடிழுத்துவிட்டார்.
குறுக்குத் தெருவெல்லாம் ஸ்கேல் வைத்தாற்போல் போக
ஏழாவது மட்டும் காரணம் சொல்லாமல் வளைகிறது.
சாப்பாடு கொண்டுவரும் பையன்கள்
அங்கே மட்டும் பிரேக் பிடிப்பதில்லை.

மழை வந்தால் தெருத் தண்ணீர் மொத்தமும்
உள்வளைவில் நாற்பத்தாறாம் எண் வீட்டு அடுப்படிக்கு.
சுமங்கலா ராவ் பத்தொன்பது வருஷமாக எழுதுகிறார்:
ரோடு ஏன் சாய்ந்திருக்கிறது?
பத்தொன்பது பதில்: பரிசீலனையில் உள்ளது.

அரிசி டிரம் செங்கல் மேல் நின்றது.
சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பழுப்புக் கோடு.
லோபோவைச் சொன்னேன், வைக்கோலைச் சொன்னேன்,
பையனையும் சொன்னேன்.
காபி டம்ளரைக் கீழே வைத்தார்.
"எந்தப் பக்கம் நின்றிருந்தான்?"
வெளிப்பக்கம்.
ஜன்னல் வழியே எதிர்வீட்டு கேட்டைப் பார்த்தார்.
"புதுசாகக் குடிவந்தவர்கள். சொல்லிவிடாதீர்கள்."
கொஞ்ச நேரம் கழித்து,
"சரி, எப்போது சமப்படுத்துவீர்கள்?"

வியாழக்கிழமை.

புதன் ராத்திரி, குழாயை மூடிய பிறகு,
என் ஸ்கூட்டரைக் கிழக்கு வளைவுக்குள் விட்டேன்.
நாற்பதைத் தாண்டாத வண்டி.
ஹேண்டில்பாரை நான் திருப்பவில்லை,
ரோடு திருப்பியது.
இடுப்பு தானாகச் சாய்ந்தது,
யாரோ தோளைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டதுபோல.
எதிர்வீட்டு நாய் குரைத்தது.
இன்னொரு முறை போனேன்.

காலை ஆறரைக்கு பசப்பா மேல்விளிம்பை வழித்தார்.
பின்னால் ரோலர். அதன் டிரைவர்
முதலில் டீ வேண்டும் என்றார்.

அளவுப் புத்தகத்தில் எழுதினேன்:
ஏழாவது கிராஸ், கிழக்கு வளைவு.
சாய்வு நீக்கம், முப்பத்தெட்டு சென்டிமீட்டர்.
ஓரத்தில்,
பசப்பாவின் காதிலிருந்த பென்சிலை வாங்கி,
ஒரு பெயர்.