டிஸ்க் எதுவும் இல்லை

எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் யார்டு.
கேட்டில் தேசப்பன் நோட்டைத் திருப்பிவைத்தார்.
பெயர். வந்த நேரம். யாரைப் பார்க்க.
கடைசிக் கட்டத்தை அவரே நிரப்பிக்கொண்டார்:
சர்வர்.

ஏசி ஓடாத ஏசி அறை.
ரேக்கின் தண்டவாளம் இதன் இடுப்புக்குப் பொருந்தாமல்
இரண்டு ஹாலோ பிளாக்கின் மேல்
படுக்கவைத்திருந்தார்கள்.
மூடியைக் கழற்றினால்
கடல் உள்ளே வந்துபோன தடம்:
திருகு மரைகளில் துரு,
மெமரி குச்சிகளின் தங்கப் பற்களில் பச்சைக் களிம்பு.
பள்ளிக்கூட ரப்பரால்
ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தேன்.
பட்டனை அழுத்தியதும்
ஆறு விசிறியும் ஒரே மூச்சில் அலறி
அப்புறம் சமாதானமாயின.

எட்டு டிஸ்க். எட்டும் சுற்றுகின்றன.
உள்ளங்கையை வைத்தால் தெரிகிறது
எட்டின் நடுக்கமும்.
எட்டு பச்சை விளக்கு.
திரை சொல்கிறது:
டிஸ்க் எதுவும் இல்லை.

விஷயம் இவ்வளவுதான்.
எடைமேடைக்கு வாங்கிய புது மென்பொருள்
புது ஓ.எஸ்.ஸில்தான் ஏறும்.
புது ஓ.எஸ்.
இந்த ரெய்டு கார்டின் பெயரைப்
பட்டியலிலிருந்து அடித்துவிட்டது.
பழசுக்கு இதைத் தெரியும்,
பழசை மென்பொருள் வாசலிலேயே நிறுத்திவிடும்.
மேனேஜர் ஹெப்சிபா போனில் கேட்டார்:
"போன வாரம் வரைக்கும் ஓடிச்சேங்க?"
ஓடியது. அதில் சந்தேகமில்லை.

பூட் முறையை மாற்றினேன்.
பென் டிரைவையே தெரியாது என்றது.
திரும்ப மாற்றினேன்.
பென் டிரைவைத் தெரிந்தது, டிஸ்க்கைத் தெரியவில்லை.
ஃபர்ம்வேர் ஏறும்போது கரன்ட் போனது.
யூபிஎஸ் கத்திய நாலு நிமிஷம்
எந்தச் சாமியையும் கூப்பிடவில்லை,
கையிலிருந்த திருப்புளியை மட்டும்
கீழே வைக்கவில்லை.

வெளியே லாரி வரிசை.
தேசப்பன் டார்ச் வெளிச்சத்தில்
வண்டி எண்ணும் எடையும்
கையால் எழுதிக்கொண்டிருந்தார்.
நடுவில் ஒருதரம் டீயோடு வந்து
குனிந்து பார்த்தார்.
"அத்தினி லைட்டு எரியுது,
இல்லேன்னா இன்னா அர்த்தம்?"

டூவீலர் லோனுக்குப் போன அன்று
பின்கோடைத் தட்டிவிட்டு
ஒரு பையன் திரையை என் பக்கம் திருப்பினான்.
"உங்க ஏரியா வரல மேடம்."
எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன்.
மடியில் மூன்று மாசத்துச் சம்பளச் சீட்டு.

அதையெல்லாம் சொல்லவில்லை.
"டிரைவர் இல்லண்ணா" என்றேன்.
அவர் வரிசையைத் திரும்பிப் பார்த்து,
"எல்லா வண்டிலயும் கீறாங்களே" என்றார்.

மூன்றே கால்.
யாரோ எப்போதோ அழிக்க மறந்த
முந்தைய பதிப்பின் மூட்டையில் டிரைவர் கிடைத்தது.
போன் ஹாட்ஸ்பாட்டில் பதினோரு நிமிஷம்.
கையொப்பம் இல்லாதது, தொடரலாமா என்றது.
தொடரு.
கொஞ்ச நேரம் வெறும் கறுப்பு.
பிறகு எட்டும் சேர்ந்து ஒரே டிஸ்க்காக,
நாலு டெராபைட்டுக்குச் சற்றுக் குறைவாக,
வந்து நின்றன.
நான் சத்தமாகச் சிரித்திருக்க வேண்டும்.
கேட்டிலிருந்து யாரோ "இன்னாச்சு" என்றார்கள்.

ஐந்தரைக்கு லாகின் திரை.
ஜன்னல் வெளுத்தது, மணலிப் பக்கத்து வாடையோடு.
அடுத்து நெட்வொர்க்.
நாலு போர்ட், நாலிலும் கேபிள்,
நாலும் கண் சிமிட்டுகின்றன.
போர்ட் எதுவும் இல்லை.

கேட்டில் நோட்டு விரிந்தே கிடந்தது.
என் பெயருக்குக் கீழே முப்பத்தேழு லாரி.
"பாத்தாச்சா?"
போன நேரம் என்ற கட்டத்தில் பேனாவை வைத்து
எடுத்துவிட்டேன்.
"டீ குடிச்சிட்டு வரேண்ணா.
அத மூடிடாதீங்க."